மதனப்பள்ளியில் பிறந்த 'கிறிஸ்து'

திருப்பதி, சித்தூரைத் தாண்டி மேற்கே போனால் வரும் மதனப்பள்ளிக்குத் தக்காளி மண்டிதான் அடையாளம். 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895 மே மாதம் பிறந்தது இங்கேதான். கிறிஸ்தவத்தின் தோற்றம் பற்றிய ஒரு விசித்திரக் கொள்கைதான் அவரது தலையெழுத்தை மாற்றியது.

கொள்கைக்குச் சொந்தக்காரர்கள் பிரம்மஞான சபையினர். அன்னி பெசன்ட் 1901-ல் எழுதிய 'எஸோட்டெரிக் கிறிஸ்டியானிட்டி' நூலின்படி இயேசு வேறு, கிறிஸ்து வேறு. இயேசு பிறந்தது கி.மு. 105-ல், எஸ்ஸீனியர் என்ற யூதத் துறவிகளிடம் பயின்றார், 29 வயதில், ஞானஸ்நானத்தின்போது, தன் உடலை உலக குருவுக்குக் கொடுத்தார். அடுத்த மூன்று ஆண்டுகள் அந்த உடலிலிருந்து போதித்தவரே கிறிஸ்து. ஆதாரம்? ஞானதிருஷ்டி! சபையைச் சேர்ந்த ஜி.ஆர்.எஸ். மீட் மட்டும் 1903-ல் தால்முத் முதலிய யூத நூல்களைப் புரட்டி, தேதியை ஆராய முயன்றார். வரலாற்று அறிஞர்கள் ஏற்கவில்லை. இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் பிலாத்துவின் பெயரையே சொல்கிறார்.

ஏட்டோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஒரு முறை உடலை இரவல் வாங்கியவர் மறுபடியும் வாங்குவார் என்று சபை நம்பியது. 1909-ல் அடையாறு கடற்கரையில் லெட்பீட்டர் தேர்ந்தெடுத்த உடல், 14 வயது கிருஷ்ணாவுடையது. தந்தை நாராயணய்யா ஓய்வுபெற்ற தாசில்தார். சபை வேலைக்காகக் குடும்பத்தோடு அடையாறு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

1910-ல் இரண்டு மகன்களையும் பெசன்டின் பொறுப்பில் எழுதிக் கொடுத்த நாராயணய்யா, 1912-ல் திருப்பிக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார். மகனைக் கிறிஸ்துவாக்குவதும் அவரது புகார்களில் ஒன்று. அவர் தரப்பில் சி.பி. ராமசாமி ஐயர், பெசன்ட் தன் வழக்கைத் தானே வாதாடினார். 1913-ல் சென்னை ஹைகோர்ட்டில் தந்தை ஜெயித்தார். 1914-ல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பைப் புரட்டியது. பிள்ளைகள் இங்கிலாந்திலேயே இருந்தார்கள்.

1925-ல் தம்பி நித்யா காசநோயால் இறந்தார். மகாத்மாக்கள் காப்பாற்றுவார்கள் என்ற நம்பிக்கை பொய்த்தது. 1929 ஆகஸ்ட் 3-ந் தேதி, ஹாலந்தின் ஓமனில், பெசன்ட் முன்னிலையிலேயே, தனக்காக 1911-ல் தொடங்கப்பட்ட நட்சத்திர அமைப்பைக் கிருஷ்ணமூர்த்தி கலைத்தார். நன்கொடையாக வந்த நிலங்களும் திருப்பித் தரப்பட்டன.

இதைப் பார்க்க நாராயணய்யா இல்லை. 1924-லேயே காலமாகிவிட்டார்.