தோட்டத்து வீட்டை யார் வாங்கலாம்?

மண்ணும் மனையும் – பகுதி 14

மத்திய தரைக்கடல் நாடுகள் சில, வீடு வாங்கும் வெளிநாட்டவருக்குக் குடியிருப்பு அனுமதியையும் சேர்த்தே கொடுத்துவந்தன. ஸ்பெயினில் 5 லட்சம் யூரோ போட்டு வீடு வாங்கினால் போதும் என்று 2013இல் தொடங்கிய திட்டம், உள்ளூர் மக்களுக்கு வீடே எட்டாத விலைக்குப் போகிறது என்ற கோபத்தில் 2025 ஏப்ரலில் மூடப்பட்டது. கிரீஸ் 2024இல் ஏதென்ஸ் வட்டாரத்திலும் பெரிய தீவுகளிலும் அந்தத் தொகையை 8 லட்சம் யூரோவாக்கியது. நம் நாட்டில் வீடு வாங்கியதற்காக யாருக்கும் குடியிருப்பு அனுமதி கிடைக்காது. சொந்த ஊரை விட்டு வெளிநாட்டில் குடியேறினாலோ, வாங்கும் உரிமையே சுருங்கிவிடும்.

ராசிபுரம், திருச்செங்கோடு, ஓமலூர், ஆத்தூர் பக்கமிருந்து படிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்ட பிள்ளைகள் இன்று பல நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்கள். நாலு ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு, வரப்போரம் தென்னை, நடுவில் ஓட்டு வீடு. இவ்வளவுதான் அவர்கள் கேட்பது. சட்டம் அவர்களுக்கு மறுப்பதும் இதையேதான். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வந்த 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் குடியிருப்பு, வணிகச் சொத்துகளை எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டப்பயிர் எஸ்டேட் மூன்றையும் வாங்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வசிப்பவருக்கும் இதே தடை உண்டு; அவர் ஊர் திரும்பி இங்கேயே குடியமர்ந்துவிட்டால் வாங்கலாம். ஏற்காட்டில் ஒரு ஃபிளாட் வாங்கலாம், பக்கத்திலிருக்கும் காப்பித் தோட்டத்தை வாங்க முடியாது.

அந்தக் காப்பித் தோட்டங்களின் தொடக்கமே வெளிநாட்டவர்தான் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் ஏற்காட்டில் காப்பி பயிரிட வழிவகுத்தார். 1800க்கு முன்பே கம்பெனி வசம் வந்திருந்த சீமைகளில் பிரிட்டிஷ் குடிகள் தனி அனுமதி இல்லாமல் குடியேறவும் நிலம் வாங்கவும் 1833ஆம் ஆண்டு சாசனச் சட்டம் கதவைத் திறந்தது. திப்புவிடமிருந்து 1792இல் கைமாறிய சேலமும் அதில் அடக்கம். அன்று எங்கிருந்தோ வந்தவருக்குத் திறந்த கதவு, இன்று இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு மூடியிருக்கிறது. ஆனாலும் இந்தத் தடை இருப்பது சரி என்றே நான் நினைக்கிறேன். டாலரில் சம்பாதிப்பவரோடு, மரவள்ளி போட்டுப் பிழைப்பவர் காட்டு விலையில் போட்டி போட முடியாது.

தடை இருப்பதால் பலர் போகும் குறுக்குவழிதான் கவலை தருகிறது. பணம் அனுப்புவது மகன், பத்திரம் மச்சான் பெயரில். இது பினாமிச் சட்டத்தின் பிடிக்குள் வரும். 2016 திருத்தத்துக்குப் பிறகு 7 ஆண்டு வரை சிறை, சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம், சொத்தும் பறிமுதல். மச்சான் நல்லவராகவே இருக்கலாம். அவருக்குப் பின் அவர் பிள்ளைகள் பத்திரத்தில் இருக்கும் பெயரைத்தான் பார்ப்பார்கள்.

பதிவாகிவிட்டதே என்ற தைரியமும் வேண்டாம். பெங்களூருவில் வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் ரிசர்வ் வங்கி அனுமதி பெறாமல் 1977இல் எழுதிக்கொடுத்த தானம் செல்லாது என்று, பழைய செலாவணிச் சட்டத்தை வைத்து, 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாற்பது வருடம் கழித்து!

சரி, வாங்கக்கூடியது எது? ஊருக்குள் நத்தத்தில் இருக்கும் வீடு, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அங்கீகாரம் பெற்ற மனை, அடுக்குமாடி வீடு. தரகர் ‘வீட்டோடு கூடிய இடம்’ என்று காட்டினால், முதலில் பட்டாவையும் அ-பதிவேட்டையும் கேளுங்கள். புன்செய் என்று இருந்தால், எவ்வளவு அழகான வீடு நின்றாலும் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் வங்கி வழியாகவே வர வேண்டும். ஊருக்கு வரும்போது கையில் கொண்டுவரும் டாலர் நோட்டால் கொடுக்க முடியாது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தைத் தனியே எடுத்து வையுங்கள். நேரில் வர முடியாதவர் அங்கிருந்து அனுப்பும் பவர் பத்திரத்துக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.

இனி, அப்பா அம்மா பெயரில் ஏற்கெனவே காடு தோட்டம் இருக்கும் குடும்பங்களுக்கு. உயிரோடு இருக்கும்போது அப்பா தன் தோட்டத்தை ஓ.சி.ஐ. மகளுக்குத் தானமாக எழுதிவைக்க முடியாது. ஆனால் அவர் காலத்துக்குப் பின் வாரிசு உரிமையில் அதே தோட்டம் மகளுக்கு வரலாம், சட்டம் தடுக்கவில்லை. பின்னால் விற்க நேர்ந்தால் இங்கே குடியிருக்கும் இந்தியக் குடிமகனுக்கு விற்க வேண்டும். தெரியாமல் தான செட்டில்மென்ட் எழுதினால் வழக்கைத்தான் வாங்கி வைப்போம்.

அதனால் உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் கட்டாயம். பங்கு பெறுகிறவரைச் சாட்சியாகப் போட வேண்டாம். பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. ‘கிணற்றுக் காடு’, ‘மேட்டுக் காடு’ என்று ஊர்ப்பெயரோடு நிறுத்தாமல் சர்வே எண், உட்பிரிவு எண், கிணற்றில் எத்தனை பங்கு, எந்தத் தடத்தில் வண்டி போகலாம் என்பதுவரை எழுதுங்கள்.