கீரி வந்து போன பிறகு கோழி முட்டை போடவில்லையா? பதற வேண்டாம்!

"நல்லா முட்டை போட்ட கோழிங்கதான். கீரி புகுந்து ரெண்டைக் கடிச்சுப் போட்டதிலிருந்து ஒண்ணும் முட்டை வைக்கல. கூட்டுக்குள்ளேயும் போகல. வித்துடலாமா?"

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் வீட்டுக்குப் பத்து கோழி வளர்ப்பவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. அவசரப்பட்டு விற்கவும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம். பெரும்பாலும் இது நோய் அல்ல, பயம்தான்.

பயம் கோழியை என்ன செய்யும்?

ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகும். கோழி மிரண்டால் உடம்பில் சுரக்கும் ஹார்மோன்கள் முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும். அதனால்தான் அடுத்த சில நாட்களில் தோல்முட்டை, வெளிறிய முட்டை, சொரசொரப்பான முட்டை வரும். சில கோழிகள் முட்டையையே நிறுத்திவிடும்.

கடிபட்ட கூட்டை கோழி மறக்காது. சாயங்காலமானால் வேப்பமரத்தில் ஏறிக்கொள்ளும். படப்பிலோ வேலிக்கருவைப் புதரிலோ போய் ஒளிந்து முட்டையிடும். அடைக்கோழி அடையை விட்டு எழுந்துவிடும். காக்கா நிழல் பட்டால்கூட மிரண்டு ஓடும்.

சேவல் செத்துப்போயிருந்தால் குழப்பம் இன்னும் கூடும். வானத்தில் பருந்து வந்தால் ஒரு குரல், தரையில் பூனை, நாய் வந்தால் வேறு குரல் என்று எச்சரிப்பது சேவல்தான். அது இல்லாதபோது பெட்டைகள் அதிகமாக மிரளும். ஒன்றையொன்று கொத்தவும் செய்யும்.

பயமா, நோயா?

பயந்த கோழி ஒதுங்கி நிற்கும். ஆனாலும் தண்ணீர் குடிக்கும், கொஞ்சமாவது இரை எடுக்கும், நாளுக்கு நாள் தேறும். முட்டை திரும்ப இரண்டு மூன்று வாரம் ஆகலாம். இறகு உதிர்க்கத் தொடங்கினால் இன்னும் தாமதமாகும்.

பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்தால், கழுத்து திருகினால், மூச்சு இழுத்தால், இரை தண்ணீர் இரண்டையும் விட்டால் அது பயம் அல்ல, வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடனே செய்ய வேண்டியவை

1. எல்லாக் கோழிகளையும் இறகை விலக்கிப் பாருங்கள். பூனை, கீரி கடித்த காயம் வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் வைக்கும்.

2. கடிபட்டதைத் தனியாகப் பஞ்சாரத்தில் மூடி வையுங்கள். ரத்தத்தைப் பார்த்தால் மற்ற கோழிகள் கொத்தும். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் காயத்தைக் கழுவி, ஈ மொய்க்காமல் பாருங்கள். ஊசி, மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

3. வந்த வழியை அன்றைக்கே அடையுங்கள். வெயில் காலத்தில் கரிசல் மண் வெடித்துப் பிளக்கும். மண் கூட்டின் அடியில் அப்படி விழும் வெடிப்பு கீரிக்கும் பாம்புக்கும் வாசல். அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையைக் கூட்டைச் சுற்றித் தரையில் ஓரடி அகலத்துக்குப் படுக்கவிட்டு, மேலே கல் பரப்புங்கள். பக்கத்துப் புதரையும் வெட்டுங்கள்.

4. மரத்தில் ஏறிய கோழியை விரட்டிப் பிடிக்காதீர்கள். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. ராத்திரி மெதுவாகத் தூக்கிக் கூட்டில் விடுங்கள். கம்பு, நொய்யைச் சாயங்காலம் ஒரே நேரத்தில் கூட்டுக்குள் போட்டுப் பழக்குங்கள். தீப்பெட்டி வேலைக்கோ காட்டு வேலைக்கோ போகிறவர்கள், இருட்டுவதற்குள் கூட்டை அடைக்க வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

விஷம் வைக்காதீர்கள்

"அந்தக் கீரியை விடக் கூடாது" என்று கோபம் வருவது இயல்புதான். ஆனால் கீரியும் காட்டுப்பூனையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி பாதுகாக்கப்பட்டவை. கண்ணி வைப்பதும் கொல்வதும் குற்றம். விஷம் தடவிய கறியைத் தின்று பக்கத்து வீட்டு நாயும் மயிலும் சாகும். வயலில் எலியைக் குறைப்பதும் இதே கீரிதான். கூட்டைப் பலப்படுத்துவதே நிரந்தரத் தீர்வு.

கோழியைக் காப்பாற்றப் போன உங்களை நாயோ பூனையோ கீரியோ கடித்தால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். இதில் மட்டும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்பதே கூடாது.

கைபேசியில் சேமித்து வையுங்கள்

* கால்நடை மருத்துவ உதவிக்கு: 1962 (கட்டணமில்லா எண்)
* விவசாயிகள் அழைப்பு மையம்: 1800 180 1551

அழைப்பதற்கு முன் காயம், எச்சம், முட்டை மூன்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்தகத்தில் காட்டினால் மருத்துவர் நிலைமையைச் சீக்கிரம் புரிந்துகொள்வார். ஆண்டுதோறும் நடக்கும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் ஊசி போட்டிருந்தால், அந்தத் தேதியையும் குறித்து வையுங்கள். நோயா பயமா என்று பிரித்துப் பார்க்க அது உதவும்.