ஆங்கில ஒழுங்கு வினைகளும் 'எட்' ஈற்றின் பரவலும்

ஆங்கிலம் பயில்வோர் ஒழுங்கற்ற வினைகளின் நீண்ட பட்டியலைக் கண்டு அஞ்சுவது வழக்கமாயினும், அம்மொழி வினைகளுள் மிகப் பெரும்பான்மையானவை எந்தப் பட்டியலும் வேண்டாத ஒழுங்கு வினைகளே ஆகும். தன் உள்ளொலி மாறாமல், 'எட்' என எழுதப்படும் ஈற்றை மட்டும் ஏற்று இறந்தகாலம் காட்டும் வினை ஒழுங்கு வினை எனப்படும். நடத்தலைக் குறிக்கும் 'வாக்' இறந்தகாலத்தில் 'வாக்ட்' ஆகிறது. பாடுதலைக் குறிக்கும் 'ஸிங்' உயிரொலி மாறி 'ஸேங்' என்றும் 'ஸங்' என்றும் திரிவதால் அது ஒழுங்கற்ற வினையாகிறது.

தமிழ் வினைமுற்றில் பகுதி செயலையும், இடைநிலை காலத்தையும், விகுதி திணை, பால், எண், இடங்களையும் உணர்த்துவதால், 'நடந்தாள்' என்னும் ஒரு சொல்லே முழு வாக்கியமாக நிற்கிறது. ஆங்கில ஒழுங்கு வினைக்கு 'வாக்', 'வாக்ஸ்', 'வாக்கிங்', 'வாக்ட்' என நான்கே வடிவங்கள் உள்ளன. நடந்தேன், நடந்தாய், நடந்தார்கள் ஆகிய அனைத்துக்கும் 'வாக்ட்' பொதுவாகையால், அங்கே எழுவாயை விட்டுவிட இயலாது.

பாடநூல்கள் கூறும் பன்னிரண்டு காலங்கள், முக்காலங்களை இயல்பு, தொடர்ச்சி, நிறைவு, நிறைவோடு கூடிய தொடர்ச்சி என்னும் நான்கு நிலைகளோடு இணைப்பதால் கிடைப்பவை. நான்கு வடிவங்களால் இத்தனையும் அமைவதற்குத் துணைவினைகளே காரணம். 'ஷீ வில் ஹேவ் பீன் வாக்கிங்' என்னும் வாக்கியத்தில், 'வில்' எதிர்காலத்தைக் காட்ட, 'ஹேவ்' தனக்கு அடுத்த வினையை நிறைவெச்சமாக்கி அதனை 'பீன்' என மாற்றுகிறது. 'பீ' என்பதன் அந்த வடிவமோ தனக்கு அடுத்த வினையை 'இங்' ஈறு பெறச் செய்கிறது. ஒவ்வொரு துணைவினையும் தனக்கு அடுத்ததன் வடிவத்தை மட்டுமே தீர்மானிக்கிறது என்பதும், அவை நிற்கும் வரிசை மாறுவதில்லை என்பதும் புரிந்துவிட்டால் பன்னிரண்டையும் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே எழாது. வினையின் வடிவ மாற்றத்தை மட்டும் அளவாகக் கொள்ளும் மொழியியலாளர் பலர், எதிர்காலத்துக்குத் தனி ஈறு இல்லாமையால், ஆங்கிலத்தின் காலங்கள் நிகழ்வும் இறப்பும் ஆகிய இரண்டே என்பர்.

'எட்' ஈறு எழுத்தில் ஒன்றாயினும் ஒலிப்பில் மூன்றாகும். குரல்நாண்கள் அதிராமல் பிறக்கும் ஒலிப்பிலா ஒலியில் முடியும் 'ஹெல்ப்', 'வாக்' போன்றவற்றின் பின் அது வல்லின டகரமாகவும், அவை அதிரப் பிறக்கும் ஒலிப்புடை ஒலியில் முடியும் 'லவ்', 'கால்' போன்றவற்றின் பின் மெலிந்த டகரமாகவும் ஒலிக்கிறது. இவ்விரண்டையும் தமிழில் 'ட்' என்றே எழுத வேண்டியிருப்பதால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. 'பண்டம்' என்பதில் வரும் டகரத்தை இரண்டாவதற்கும், 'பட்டம்' என்பதில் வருவதை முதலாவதற்கும் ஒப்பிடலாம். வினையே டகர ஒலியில் முடியுமானால் மட்டும் இடையில் ஓர் உயிரொலி தோன்றி, 'வான்ட்' என்பது 'வான்டிட்' ஆகிறது. எழுத்தைப் பார்த்து 'ஹெல்ப்பெட்', 'வாக்கெட்' என உச்சரிப்பது இங்கே பரவலாகக் கேட்கப்படும் பிழை. அந்த உயிரொலி ஒருகாலத்தில் எல்லா வினைகளிலும் ஒலித்து வந்தது. அது மறைந்துகொண்டிருந்ததைக் கண்டித்து எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் 1712-இல் எழுதினார்.

இந்த ஈறு ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மன், டச்சு, ஸ்வீடிய மொழிகளிலும் இதன் உறவு ஈறுகள் காணப்படுவதால், இவற்றுக்கெல்லாம் தாயான பழைய ஜெர்மானிய மொழியிலேயே இது தோன்றியிருக்க வேண்டும். அம்மொழியின் தொன்மையான வினைகள் உயிரொலியை மாற்றியே காலம் காட்டின. பெயர்ச்சொல்லிலிருந்தும் பிற வினைகளிலிருந்தும் புதிதாக ஆக்கப்பட்ட வினைகளுக்கு அந்த வழி இல்லை. ஆகவே 'செய்தான்' எனப் பொருள்படும் 'டூ' வினையின் இறந்தகால வடிவம் அவற்றின் பின் சேர்க்கப்பட்டு, நாளடைவில் தேய்ந்து ஈறாயிற்று என்பது பலரும் ஏற்கும் கருத்து. தமிழில் வேற்றுமொழி வினையை ஏற்கும்போது 'டைப் செய்தான்', 'போன் பண்ணினாள்' எனத் துணைவினை சேர்ப்பதும் இதே வழியில்தான். தமிழில் அது தனிச்சொல்லாகவே நிற்க, அங்கே ஈறாகக் கரைந்துவிட்டது.

நார்மானியர் 1066-இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் வந்து சேர்ந்த பிரெஞ்சு வினைகள் ஏறத்தாழ அனைத்தும் இந்த ஈற்றையே ஏற்றன. பழைய வினைகளும் படிப்படியாக அதன் பக்கம் சாய்ந்தன. 'ஹெல்ப்' முன்னர் 'ஹோல்ப்' என்றும், ஏறுதலைக் குறிக்கும் 'க்ளைம்ப்' முன்னர் 'க்ளோம்' என்றும் திரிந்தவை. 2007-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று, பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளை எடுத்துக்கொண்டு, அவற்றுள் 98 மட்டுமே இன்றும் அவ்வாறு இருப்பதைக் கணக்கிட்டது. நூறு மடங்கு அரிதாகப் பயன்படும் வினை பத்து மடங்கு விரைவாக ஒழுங்காகிறது என்பது அதன் முடிவு. அடிக்கடி கேட்கப்படும் திரிபு நினைவில் ஊன்றிவிடுகிறது. அரிதாகக் கேட்கப்படுவது நினைவுக்கு வராதபோது, பேசுவோர் பொது விதியைப் பயன்படுத்திவிடுகின்றனர்.

அந்த விதி குழந்தைகளின் உள்ளத்திலேயே இயங்குவதை மொழி ஆய்வாளர் ஜீன் பெர்க்கோ 1958-இல் காட்டினார். 'ரிக்' என்பது போன்ற, மொழியில் இல்லாத வினைகளை அவர் சொல்லி, நேற்று நடந்ததாகக் கூறுமாறு கேட்டபோது, முன்பின் கேட்டிராத 'ரிக்ட்' என்னும் வடிவத்தைக் குழந்தைகள் தாமே ஆக்கிக்கொண்டனர். போதலைக் குறிக்கும் 'கோ' வினையின் இறந்தகாலத்தை முதலில் 'வென்ட்' எனச் சரியாகச் சொல்லிவந்த குழந்தை சில மாதங்களுக்குப் பின் 'கோட்' எனத் தவறாகச் சொல்லத் தொடங்குவது பின்னடைவன்று. விதி பிடிபட்டுவிட்டதன் அடையாளமே அது.

எனினும் இந்தப் பரவல் ஒரே திசையில் நிகழவில்லை. பதுங்கிச் செல்வதைக் குறிக்கும் 'ஸ்னீக்', 'ஸ்னீக்ட்' என ஒழுங்காகவே திரிந்துவந்த வினை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் 'ஸ்னக்' என்னும் ஒழுங்கற்ற வடிவத்தைப் பெற்ற அது, இன்று அங்கே இரண்டு விதமாகவும் வழங்குகிறது.