நண்பருக்காக ஓடிய ஏழு மரதன்கள்

தசைகளை இயக்கும் நரம்புக் கலங்கள் படிப்படியாக மடிவதே இயக்க நரம்பணு நோயாகும். மூளையின் கட்டளை எட்டாத தசைகள் மெலிந்து செயலிழக்கின்றன. நடையும் பேச்சும் விழுங்கும் ஆற்றலும் பறிபோய், இறுதியில் சுவாசமும் தடைப்படுகின்றது. பலருக்கு அறிவு மட்டும் தெளிவாகவே இருப்பது இந்நோயின் பெருங்கொடுமை.

இங்கிலாந்தின் லீட்ஸ் றைனோஸ் றக்பி லீக் அணியின் முன்னாள் வீரர் றொப் பறோவுக்கு 2019 டிசம்பரில், தமது 37 ஆவது வயதில், இந்நோய் கண்டறியப்பட்டது. அவ்வணியின் முன்னாள் தலைவர் கெவின் சின்பீல்ட் மறு ஆண்டு டிசம்பரில் ஏழு நாட்களில் ஏழு மரதன்கள் ஓடினார். பறோவின் சீருடை இலக்கம் 7 என்பதால் நிதி இலக்கும் 77,777 பவுண்கள் எனக் குறிக்கப்பட்டது. திரண்டதோ 20 இலட்சம் பவுண்களுக்கும் அதிகம்.

வீரர்கள் ஓடித்தான் மருத்துவத்துக்குப் பணம் தேட வேண்டுமா என்ற வினா நியாயமானதே. ஆனால், நோயாளர் தொகை குறைந்த நோய்களில் மருந்து நிறுவனங்களுக்கு இலாபமும் குறைவு. 1995 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற றிலுசோல் ஆயுளைச் சில மாதங்களே நீடிக்கின்றது. அங்கு 2023 இல் அங்கீகரிக்கப்பட்ட டொபெர்சன், குறித்ததொரு மரபணு மாற்றமுடைய மிகச் சிலருக்கு மாத்திரமே உரியது.

சின்பீல்டின் பிந்திய ஓட்டங்களில் சேர்ந்த நிதியின் ஒரு பகுதி, லீட்ஸில் இந்நோயாளர்களுக்கான சிகிச்சை நிலையம் ஒன்றுக்கு ஒதுக்கப்பட்டது. பறோ 2024 ஜூன் 2 ஆம் திகதி காலமானார். அவரது பெயர் தாங்கிய அந்நிலையத்தின் கட்டுமானப் பணி மறுநாளே ஆரம்பமானது.