தாய்லாந்துக் கிராமங்களில் ஒரு முஸ்லிம் பிரயாணி



பிரயாணம் என்றதும் நம் வீடுகளில் முதலில் பேசப்படுவது ஹஜ்ஜும் உம்றாவும்தான். அதற்கடுத்து இப்போது பலர் விரும்புவது தாய்லாந்து. ஆனால் பேங்கொக் கடைத்தெருவில் துணிமணி வாங்கி மூட்டை கட்டித் திரும்புவதால் ஒரு நாட்டைப் பார்த்ததாகிவிடாது. ரயிலேறித் தெற்கே செல்லுங்கள். அங்கே நமக்குப் பழக்கமான காட்சிகள் பல காத்திருக்கின்றன.

நம்மூர் மரம்

ருவான்வெல்லையில் பிறந்தவர்களுக்கு இறப்பர் மரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1876இல் ஹெனரத்கொடைக்கு வந்த கன்றுகளோடு நம் நாட்டு இறப்பர் தொடங்கியது. தாய்லாந்தில் 1899 அளவில் திராங் மாகாணத்தின் கந்தாங்கில் அம்மரம் நடப்பட்டது. இன்று உலகில் ஆகக் கூடுதலான இயற்கை இறப்பரைத் தருவது அந்நாடே. அங்கு பெரும்பாலானவை சிறு குடும்பத் தோட்டங்கள். நடுநிசி கழிந்ததும் கணவனும் மனைவியும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார்கள்.

நமது உறவுகள்

பத்தானி, யாலா, நராத்திவாத் மாகாணங்களில் பெரும்பான்மையினர் மலாய் முஸ்லிம்கள். நம்மைப் போலவே ஷாபிஈ மத்ஹபினர். உங்கள் உம்மம்மா அரபுத்தமிழ் கிதாபு ஓதியிருப்பார் அல்லவா? அவ்வாறே அவர்கள் தம் மலாய் மொழியை அரபெழுத்தில் எழுதுகிறார்கள். அதற்கு ஜாவி என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் பெரும் ஆலிம் ஷெய்கு தாவூத் அல்-பத்தானி எழுதிய ஜாவி கிதாபுகள் அப்பகுதி மத்ரஸாக்களில் இன்றும் ஓதப்படுகின்றன.

பாங் ஙா குடாவில் பன்யீ என்றொரு முஸ்லிம் மீனவர் கிராமம் உண்டு. வீடுகள் கடலில் ஊன்றிய கால்களின் மேல் நிற்கின்றன. நிலமில்லாத அவ்வூர்ச் சிறுவர்கள் 1986இல் பழைய பலகைகளைச் சேர்த்து, மிதக்கும் பந்து மைதானம் ஒன்றைத் தாமே கட்டிக்கொண்டார்கள்!

உணவும் ஒழுக்கமும்

தாய் உணவில் பன்றிக் கொழுப்பு கலப்பது சாதாரணம். ஆகவே ஹலால் முத்திரையைப் பார்த்தே வாங்குங்கள். ‘காவ் மொக்’ என்பது அவர்களது புரியாணி. ‘மஸ்ஸமான்’ என்னும் கறியின் பெயர் ‘முஸல்மான்’ என்பதிலிருந்து வந்ததே.

வீட்டினுள் செருப்பைக் கழற்றுங்கள். நாம் அன்போடு குழந்தையின் தலையைத் தடவுவோம்; அங்கே தலையைத் தொடுவது மரியாதைக் குறைவு. பிறரை நோக்கிக் காலை நீட்டாதீர்கள். பிக்குமாரைப் பெண்கள் தொடலாகாது. அவர்கள் கைகூப்பி வரவேற்றால், நெஞ்சில் கைவைத்துப் புன்னகைத்தால் போதும். யாரும் மனம் நோகமாட்டார்கள்.

புன்னகைக்குப் பின்னால்

தாய்லாந்தைப் ‘புன்னகையின் நாடு’ என்பார்கள். தென்கோடி மாகாணங்களின் துயரையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 2004 ஒக்டோபர் 25 அன்று, றமழான் நோன்பு நேரத்தில், தாக் பாய் என்னுமிடத்தில் ஆர்ப்பாட்டம் செய்தவர்களில் 85 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் 78 பேர், இராணுவ லொறிகளில் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கப்பட்டதால் இறந்தவர்கள். 2024 ஒக்டோபரில் வழக்கின் 20 ஆண்டுக் காலவரையறை முடிந்தது. எவரும் தண்டிக்கப்படவில்லை. கண்ணீர் வடித்த தாய்மார்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அப்பகுதிக்குச் செல்ல நினைப்போர் பாதுகாப்பு நிலவரத்தை விசாரித்தே செல்ல வேண்டும்.

ஆயினும் வேறொரு வரலாறும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பாரசீகத்திலிருந்து வந்த ஷெய்கு அஹ்மத் அவர்களை, அயுத்தயாவின் பௌத்த மன்னர் முஸ்லிம்களின் தலைவராக நியமித்தார். அப்பதவி இன்றும் தொடர்கிறது. 1753இல் உபாலி தேரர் சியாமிலிருந்து கண்டிக்கு வந்தார். நம் அயலவர்களின் சியாம் நிக்காய அவரால் உருவானது.

சகோதரிகளே! மார்க்கத்தை விடாமலே பிறரை மதிக்கலாம் என்பதைத் தாய்லாந்துக் கிராமத்துப் பெண்கள் தினமும் வாழ்ந்து காட்டுகிறார்கள். அந்தப் பாடத்தைக் கற்க விமானச் சீட்டு அவசியமில்லை. வேலிக்கு அப்பால் இருக்கும் சிங்கள அயல்வீட்டாரின் சுகதுக்கத்தை இன்றே விசாரியுங்கள். வல்ல அல்லாஹ் நம் பிரயாணங்களையும் அயலுறவையும் பயனுள்ளதாக்குவானாக!