கரிச் சுரங்கத்திலிருந்து மட்ரிட் வரை
பிரெஞ்சு உதைபந்தாட்ட வீரர் ரேமோன் கோப்பாவின் கதை

மண்ணுக்குள் இறங்குபவன் கூலி பெறுகிறான். மைதானத்துள் இறங்குபவன் கீர்த்தி பெறுகிறான் என்பது உலகத்தார் எண்ணம். முன்னவனைத் தொழிலாளி என்று சொல்லி மறந்துவிடுகிறோம். பின்னவனை வீரன் என்று போற்றித் தோளில் சுமக்கிறோம். இவ்விரண்டு இடங்களிலும் இறங்கிப் பார்த்த ஒருவர், தோளில் சுமக்கப்படும் வீரனுக்குச் சாதாரணத் தொழிலாளிக்குள்ள உரிமைகூட இல்லையென்று ஒரு நாள் பகிரங்கமாகக் கூறினார். அவ்வாறு கூறியபோது அவர் தோல்வியுற்ற மனிதர் அல்லர். பொன்னும் புகழும் பெற்று, அந்நிய நாடு சென்று வென்று திரும்பியவர். ஆகவேதான் அவருடைய சொல்லுக்குக் கனம் இருந்தது. அவரே ரேமோன் கோப்பா. அவருடைய வரலாற்றை வாசகர்களுக்கு இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

சுரங்கத்துச் சிறுவன்

பிரான்ஸ் தேசத்தின் வடபகுதியில் நோ-லே-மீன் என்றோர் ஊர் உண்டு. நிலக்கரிச் சுரங்கங்களே அவ்வூரின் வாழ்வு. அங்கே, போலந்து வழிவந்த ஒரு சுரங்கத் தொழிலாளியின் குடும்பத்தில், 1931ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 13ஆந் திகதி இவர் பிறந்தார். கோபாஷெவ்ஸ்கி என்பது குடும்பப் பெயர். பிரெஞ்சு நாவுக்கு அது நீளமாய் இருந்தமையால் கோப்பா என்று சுருங்கிற்று. பின்னர் உலகம் முழுவதும் அப்பெயரையே அறிந்துகொண்டது.

தந்தை இறங்கிய சுரங்கத்துள் மகனும் இறங்குவது அவ்வூர் வழக்கம். பதினான்கு வயதில் கோப்பாவும் இறங்கினார். பூமிக்குக் கீழே அறுநூறு மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில், இருளிலும் தூசியிலும் கரி வண்டிகளைத் தள்ளுவது அவருக்கு வாய்த்த வேலை. அங்கு நேர்ந்த விபத்தொன்றில் இடக்கைச் சுட்டுவிரலின் ஒரு பகுதியை இழந்தார். பள்ளிப் பருவம் முழுதாக முடியுமுன்னரே உடலில் ஓர் அங்கத்தைத் தொழிலுக்குக் கொடுத்துவிட்ட பிள்ளைக்கு, மாலையில் பந்தை உதைக்கும் நேரம் ஒன்றே சூரிய ஒளியாக இருந்திருக்கும் என்று நாம் எண்ணுகிறோம்.

அந்தப் பந்தே அவரை மேலே தூக்கிற்று. 1949ஆம் ஆண்டில், பிரான்ஸ் முழுவதற்குமான இளம் ஆட்டக்காரர் போட்டியொன்றில் இரண்டாம் இடம் பெற்றார். ஆன்ஜே நகரத்துக் கழகம் அவரைத் தொழில்முறை வீரராக ஏற்றுக்கொண்டது. ஈராண்டுகளின் பின், 1951இல், ரீம்ஸ் கழகம் அவரை அழைத்தது.

ரீம்ஸ் தந்த ஏற்றம்

ரீம்ஸ் கழகத்தின் பயிற்றுநர் அல்பேர் பத்தோ நுண்ணிய மதியுடையவர். பலத்தால் முட்டி மோதும் ஆட்டத்தை விட, பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி எதிரியை மயக்கும் ஆட்டத்தையே அவர் விரும்பினார். கோப்பாவோ உயரத்தில் 1.68 மீற்றர் மட்டுமே. ஆனால் பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இடம் போவதுபோற் காட்டி வலம் போகும் வித்தையில் அவருக்கு நிகர் அரிது. முன்னணி வரிசையின் நடுவில் நிற்க வேண்டியவர், சற்றுப் பின்னே நடுக்களத்துக்கு இறங்கி வந்து, பந்தைப் பெற்று, தோழர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார். ஆட்டத்தின் சூத்திரதாரி அவரே. பந்தை நெடுநேரம் தம்மிடமே வைத்திருக்கிறார் என்று குறைகூறியோர் உண்டு. பத்தோ அதைத் தடுக்கவில்லை. 1953இலும் 1955இலும் ரீம்ஸ் பிரான்ஸின் முதலிடத்தை வென்றது.

1955ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிரான்ஸ் தேசிய அணி மட்ரிட் நகருக்குச் சென்று ஸ்பெயினை 2-1 என வென்றது. அன்று கோப்பா ஆடிய ஆட்டத்தைக் கண்ட ஆங்கிலப் பத்திரிகையாளர் ஒருவர், உதைபந்தாட்டத்தின் நெப்போலியன் என அவரை வருணித்தார். மட்ரிட் நகரத்தாரும் அந்தச் சிறிய உருவத்தைக் கண்ணால் அளந்துகொண்டனர்.

எதிரணியிலிருந்து வந்த அழைப்பு

ஐரோப்பியக் கழகங்களுக்கான கிண்ணப் போட்டி முதன்முதலாக நடைபெற்றபோது, அதன் இறுதியாட்டம் 1956ஆம் ஆண்டு ஜூன் 13ஆந் திகதி பாரிஸில் நிகழ்ந்தது. மோதியவை ரீம்ஸும் ரியல் மட்ரிட்டும். முதற் பத்து நிமிடங்களுக்குள் ரீம்ஸ் இரண்டு கோல்களை அடித்துவிட்டது. மட்ரிட் அணியோ தளரவில்லை, சமன் செய்தது, மீண்டும் பின்தங்கியது, மீண்டும் சமன் செய்தது, ஈற்றில் 4-3 என வென்றது.

அன்று மட்ரிட்டுக்கு எதிராக ஓடியாடிய கோப்பா, அடுத்த பருவத்தில் அதே மட்ரிட்டின் வெள்ளைச் சட்டையை அணியப்போகிறார் என்பது முன்னரே முடிவாகியிருந்தது. எதிரே நிற்பவர்கள் நாளைய தோழர்கள். பக்கத்தில் நிற்பவர்கள் நாளை பிரியவேண்டியவர்கள். தொழில்முறை ஆட்டக்காரனின் நெஞ்சு இத்தகைய சோதனைகளுக்குப் பழகவேண்டியிருக்கிறது.

மட்ரிட்டில் மூன்றாண்டு

அந்நிய நாட்டில் புகழ் தேடப் போகிறவனுக்கு முதலில் காத்திருப்பது புகழ் அன்று, பணிவு. ரீம்ஸ் அணியில் ஆட்டம் முழுவதும் கோப்பாவைச் சுற்றிச் சுழன்றது. மட்ரிட்டிலோ அந்த நடுவிடத்தில் ஆர்ஜென்ரீனாவில் பிறந்த அல்பிரெடோ டி ஸ்டெபானோ வீற்றிருந்தார். ஒரு வீட்டில் இரண்டு தலைவர்கள் இருத்தல் இயலாது. ஆகவே கோப்பா வலதுபுற ஓரத்துக்கு அனுப்பப்பட்டார். சூத்திரதாரியாய் இருந்தவர் கோட்டோரத்தில் நின்று, பந்து தம்மிடம் வரும் வேளைக்காகக் காத்திருக்க நேர்ந்தது.

வேறொருவர் முகங்கோணித் திரும்பியிருக்கலாம். கோப்பா அந்த ஓரத்தையும் தமக்குரியதாக்கிக்கொண்டார். அவர் இருந்த மூன்றாண்டுகளில் மூன்று முறையும் ஐரோப்பியக் கிண்ணம் மட்ரிட்டுக்கே வந்தது. 1957இல் இத்தாலியின் பியோரென்ரீனாவை 2-0 எனவும், 1958இல் மிலானை மேலதிக நேரத்தில் 3-2 எனவும் அக்கழகம் வென்றது. 1957, 1958 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஸ்பெயினின் லீக் பட்டமும் அதற்கே கிடைத்தது.

1958ஆம் ஆண்டுக் கோடையில் சுவீடனில் உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்றது. தேசிய அணியிலே கோப்பாவுக்குத் தமது பழைய இடம், அதாவது நடுவிடம், மீண்டும் கிடைத்தது. ரீம்ஸ் கழகம் அவருக்குப் பதிலாகச் சேர்த்துக்கொண்ட ஜுஸ்ட் ஃபொன்தேன் அவருக்கு முன்னே நின்றார். ஒருவர் வழி திறந்தார். மற்றவர் கோல் அடித்தார். அப்போட்டியில் ஃபொன்தேன் அடித்த 13 கோல்கள் இன்றளவும் எவராலும் முறியடிக்கப்படாத சாதனையாகும். அரையிறுதியில் பதினேழு வயது பெலேயின் பிரேசிலிடம் 5-2 எனத் தோற்றாலும், மேற்கு ஜேர்மனியை 6-3 என வென்று பிரான்ஸ் மூன்றாமிடம் பெற்றது. அவ்வாண்டின் இறுதியில் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்குரிய பொற்பந்து கோப்பாவுக்கு வழங்கப்பட்டது. அதைப் பெற்ற முதற் பிரெஞ்சுக்காரர் அவரே. சுரங்கத்தில் விரல் இழந்த கை பொற்பந்தை ஏந்தி நின்றது.

மறுபடியும் ரீம்ஸ்

1959ஆம் ஆண்டு ஜூன் 3ஆந் திகதி, ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம். மீண்டும் ரியல் மட்ரிட், மீண்டும் ரீம்ஸ். மூன்று ஆண்டுகளுக்கு முன் ரீம்ஸுக்காக நின்று தோற்ற கோப்பா, இம்முறை அதற்கு எதிராக நின்று 2-0 என வென்றார். அதுவே மட்ரிட்டில் அவருடைய இறுதிப் பருவமாகவும் அமைந்தது. மட்ரிட் அவரை மகிழ்ச்சியோடு வைத்திருந்திருக்கும். ஆயினும் தாயகம் திரும்பவே அவர் விரும்பினார். அடுத்த பருவத்தில் ரீம்ஸின் சிவப்புச் சட்டை மறுபடியும் அவர் தோளில் ஏறிற்று. 1960இலும் 1962இலும் அக்கழகம் மீண்டும் பிரான்ஸின் முதலிடத்தைப் பெற்றது.

இவ்வளவோடு நிறுத்தினால் இது ஒரு வெற்றிக் கதை மாத்திரமே. நாம் சொல்ல வந்தது இதற்கு மேலும் உண்டு.

வாய் திறந்த வீரர்

அக்காலத்துப் பிரான்ஸில் ஒரு வாலிபன் தொழில்முறை ஆட்டக்காரனாக ஒரு கழகத்துக்குக் கையெழுத்திட்டால், முப்பத்தைந்து வயதுவரை அவன் அக்கழகத்துக்கே கட்டுப்பட்டவன். கழகம் விரும்பினால் அவனை வேறொரு கழகத்துக்கு விற்கலாம். அவன் விரும்பினால் விலக முடியாது. விலை பேசப்படும்போது அவன் கருத்தைக் கேட்கவேண்டும் என்ற நியதியும் இல்லை. முப்பத்தைந்து வயதில் ஆட்டக்காரனின் கால்கள் ஓய்ந்துவிடும். ஆகவே அந்த விடுதலை, கிணறு வற்றியபின் தரப்பட்ட துலாவுக்கு ஒப்பானது.

இந்நிலையை மாற்றவேண்டி 1961ஆம் ஆண்டில் தொழில்முறை வீரர்களின் சங்கமொன்று தோன்றியது. கமரூனிலிருந்து வந்து பிரான்ஸில் ஆடிய யூஜீன் ஞோ-லேயாவும் ஃபொன்தேனும் அதற்காக முன்னின்று உழைத்தனர். கோப்பாவும் அவர்களோடு சேர்ந்து நின்றார். 1963ஆம் ஆண்டில் அவர் வார இதழொன்றின் வாயிலாக, ஆட்டக்காரர்கள் அடிமைகளே என்று வெளிப்படையாகச் சொன்னார். இருபதாம் நூற்றாண்டில், தன்னைக் கேளாமலே வாங்கவும் விற்கவும்படும் மனிதன் உதைபந்தாட்ட வீரன் ஒருவனே என்பது அவருடைய வாதம்.

ஆட்சி பீடத்தில் இருந்தோர் சினந்தனர். ஆறு மாதத் தடை அவருக்கு விதிக்கப்பட்டது. ஆயினும் அத்தண்டனை நிறைவேற்றப்படாது ஒத்திவைக்கப்பட்டது. பொற்பந்து பெற்ற மனிதரையே இவ்வாறு எச்சரிப்பதாயின், பெயரறியாத ஓர் இளைஞன் வாய் திறந்திருந்தால் அவன் கதி என்ன? இதனை எண்ணிப் பார்த்தால், கோப்பா பேசியது தமக்காக மட்டுமன்று என்பது தெளிவாகும். தமக்கு வேண்டிய கீர்த்தியை அவர் ஏற்கெனவே பெற்றிருந்தார். மௌனமாய் இருந்திருந்தால் மாலை மரியாதைகளோடு ஓய்வு பெற்றிருப்பார்.

அதே 1963ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் ஜோர்ஜ் ஈஸ்ற்ஹாம் என்னும் வீரர் தொடுத்த வழக்கில், வீரர்களைக் கழகங்கள் கட்டிவைத்திருந்த முறை நியாயமற்ற தளை என்று இலண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே வேதனை இரண்டு நாடுகளில் ஒரே ஆண்டில் குரல் பெற்றது.

1964இல் ரீம்ஸ் இரண்டாம் பிரிவுக்குத் தாழ்ந்தது. கோப்பா கழகத்தைக் கைவிடவில்லை. 1966இல் அது மீண்டும் முதற் பிரிவுக்கு ஏறியது. 1967இல் அவர் ஓய்வு பெற்றார். ஈராண்டுகளின் பின், 1969இல், குறித்த கால ஒப்பந்தம் என்னும் முறை பிரெஞ்சு வீரர்களுக்குக் கிடைத்தது. கழகங்கள் அதைத் திரும்பப் பெற முயன்றபோது, 1972இல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்து அதனைக் காத்தனர். 1970இல் பிரெஞ்சு அரசு கோப்பாவுக்குத் தனது உயர்ந்த விருதான லெஜியன் ஒவ் ஒனரை வழங்கிற்று. அவ்விருதைப் பெற்ற முதல் உதைபந்தாட்ட வீரர் அவரே. எச்சரித்த நாடே ஏழாண்டுகளில் மார்பில் பதக்கம் சூட்டியது.

அவர் விட்டுச் சென்றது

1982இல் மிஷேல் பிளாட்டினி இத்தாலியின் ஜுவென்டஸுக்குச் சென்றார். 2001இல் சினடின் சிடான், கோப்பா அணிந்த அதே மட்ரிட் சட்டையை அணிந்தார். பிரெஞ்சு நடுக்கள வீரர்கள் பிறநாடு செல்வது இன்று வியப்பான செய்தியன்று. ஒப்பந்தம் முடிந்த வீரனுக்காக ஒரு கழகம் விலை கேட்கலாகாது என ஐரோப்பிய நீதிமன்றம் 1995இல் தீர்ப்புக் கூறியது.

கோப்பா 2017ஆம் ஆண்டு மார்ச் 3ஆந் திகதி, தம் 85ஆவது வயதில், ஆன்ஜே நகரில் காலமானார். அவ்வூர் மைதானம் இப்போது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இருபத்தொரு வயதுக்குட்பட்ட சிறந்த வீரருக்கு 2018 முதல் வழங்கப்படும் விருதும் அவர் பெயராலேயே அமைந்தது.

இவையெல்லாம் தக்க மரியாதைகளே. எனினும் அவருடைய உண்மையான நினைவுச் சின்னம் வேறொன்று என்பது நம் கருத்து. இன்று ஓர் இளைஞன் கழகத்தோடு ஒப்பந்தம் எழுதும்போது, அத்தாளில் அது முடியும் நாளும் எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஒரு வரி எளிதாக வந்ததன்று. அதற்காகக் குரல் கொடுத்தவர்களுள் ஒருவர், பதினான்கு வயதில் இருளில் வண்டி தள்ளிய சிறுவர்.