உங்களுக்குத் தெரியுமா? மந்த வாயுவும் வினைபுரியும்!

செனான் என்ற மந்த வாயுவின் அணுவில் 54 எலக்ட்ரான்கள். வெளிக்கூட்டில் எட்டும் நிறைந்திருப்பதால் அது எதனோடும் சேராது என்றே வேதியியல் நூல்கள் பல ஆண்டுகள் சொல்லிவந்தன. 1962இல் கனடாவில் பணியாற்றிய நீல் பார்ட்லெட் அதை மாற்றி எழுதவைத்தார்.

பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு என்ற சிவப்பு ஆவி, ஆக்சிஜன் மூலக்கூற்றிலிருந்தே எலக்ட்ரானைப் பறித்துவிடுவதை அவர் கண்டிருந்தார். அதற்குத் தேவைப்படும் ஆற்றல் 12.07 எலக்ட்ரான் வோல்ட். செனானுக்கு 12.13. இவ்வளவு சிறிய வித்தியாசம்தானே! செனானையும் அந்தச் சிவப்பு ஆவியையும் கலந்தார். அறை வெப்பநிலையிலேயே மஞ்சள் நிறத் திடப்பொருள் படிந்தது. பாடநூலில் இருந்த இரண்டு எண்களை அக்கறையோடு ஒப்பிட்டுப் பார்த்ததன் பலன் அது. வேதியியலின் மிக அழகான சோதனைகளில் ஒன்று.

செனானின் வெளி எலக்ட்ரான்கள் ஐந்தாவது கூட்டில், அணுக்கருவிலிருந்து வெகுதொலைவில் இருக்கின்றன, பிடி தளர்வு; அதனால்தான் அவற்றைப் பறிக்க முடிகிறது. அதே ஆண்டில் செனானும் ஃபுளூரினும் நேரடியாகச் சேர்ந்த சேர்மமும் உருவானது. இன்னொரு மந்த வாயுவான ஹீலியத்துக்கோ எலக்ட்ரானைப் பிரிக்க 24.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். சாதாரண அழுத்தத்தில் நிலைத்து நிற்கும் ஹீலியம் சேர்மம் இன்றுவரை கிடைக்கவில்லை.